ஓடும் வானொலியைப் பதிந்துகொண்டே, பின்தங்கிக் கேட்பது எப்படி? பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பெங்களூருக்கு வேலைக்கு வந்தவர்கள் சீக்கிரமே கண்டுகொள்ளும் சங்கதி: சென்னை, கோவை பண்பலைகள் இங்கே எட்டாது. ஊரில் அம்மா காலையில் வைக்கும் அதே வானொலி வேண்டுமென்றால் இன்டர்நெட்டில்தான் கேட்க வேண்டும். அதிலும் நேரம் ஒத்துவராது. நிகழ்ச்சி ஏழு மணிக்கு என்றால், அப்போது நீங்கள் குளித்துக்கொண்டிருப்பீர்கள். காதில் ஹெட்போன் ஏறுவது ஏழே முக்காலுக்கு, சில்க் போர்டு நெரிசலில். பாதி போயிருக்கும்.

நமக்கு வேண்டியது இதுதான். ஏழு மணிக்குப் பதிவு தானாகத் தொடங்க வேண்டும். அது முடியும்வரை காத்திராமல், ஏழே முக்காலுக்கே முதலிலிருந்து கேட்க வேண்டும். பதிவு முன்னால் ஓட, நாம் நாற்பத்தைந்து நிமிடம் பின்னால் போக வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தபோது நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. யாரைக் கேட்டாலும் பாதி வழிதான் சொன்னார்கள். அதனால் முழு வழியையும் எழுதி வைக்கிறேன்.

1. இந்த வேலை உங்களுக்குத் தேவையா என்று முதலில் பாருங்கள்

சில நிலையங்கள் நிகழ்ச்சி முடிந்தபின் அதையே பாட்காஸ்ட்டாகவோ யூடியூபிலோ போட்டுவிடுகின்றன. உங்கள் நிகழ்ச்சி அப்படி வருகிறது என்றால் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடலாம். மறுபடி கிடைக்காத நிகழ்ச்சிகளுக்குத்தான் இந்த உழைப்பு: நேரடி ஒலிபரப்பு, உள்ளூர்ச் செய்தி, நேயர் விருப்பம், கச்சேரி.

'பாஸ் பண்ணி வைத்தால் போதாதா?' என்று கேட்பார்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்றால் போதும். முக்கால் மணி நேரத்துக்குப் போதாது. பெரும்பாலான ஆப்கள் மறுபடி பிளே அழுத்தினால் நேரலைக்குத் தாவிவிடும். பிளேயரில் 'கேஷிங்' அளவைக் கூட்டச் சொல்லும் யோசனையும் உண்டு. நெட் தடுக்கினால் சில நொடி தாங்குவதற்கான ஏற்பாடு அது, இந்த வேலைக்கு உதவாது.

2. பதிவது ஒரு புரோகிராம், கேட்பது இன்னொரு புரோகிராம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். நெட்டிலிருந்து வாங்கி டிஸ்க்கில் எழுதுவது ஒருவர் வேலை. டிஸ்க்கிலிருந்து எடுத்து வாசிப்பது வேறொருவர் வேலை. கேட்பவர் நிறுத்தலாம், பின்னால் போகலாம், ஆபீஸ் அழைப்பு வந்தால் மூடிவிடலாம். பதிபவருக்கு அது தெரியவே கூடாது.

இப்படிப் பிரித்தால் டேட்டாவும் ஒரு தடவைதான் செலவாகும். பதிவும் ஓடி, தனியாக நேரலையும் கேட்டால் இரட்டிப்பு.

இதே காரணத்தால்தான் ஆடாசிட்டி போன்ற புரோகிராமில் 'கம்ப்யூட்டரில் ஒலிப்பதைப் பதி' என்னும் வழியை நான் பரிந்துரைப்பதில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தை அது பதிகிறது. வாட்ஸ்அப் 'டிங்' அடித்தால் அதுவும் பதிவாகும். அதே லேப்டாப்பில் நீங்கள் பின்தங்கிக் கேட்கத் தொடங்கினால், கேட்கும் சத்தமும் பதிவுக்குள் போய் விழும். பழையதும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்த குழம்பல்தான் மிஞ்சும்.

3. ஸ்ட்ரீமின் உண்மையான முகவரியைப் பிடியுங்கள்

நிலையத்தின் இணையப் பக்கத்து முகவரி வேறு, ஒலி வரும் முகவரி வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. அது இரண்டு விதமாக இருக்கும்.

முதல் விதம், நேராக எம்பி3 அல்லது ஏஏசி ஒலியாகவே வழிந்துகொண்டிருப்பது. ஐஸ்காஸ்ட், ஷவுட்காஸ்ட் சர்வர்கள் இந்த வகை. தனியார் இணைய வானொலிகளில் பல இப்படித்தான்.

இரண்டாவது, எம்3யு8 என்று முடியும் முகவரி. இதில் ஒலி சில நொடித் துண்டுகளாக வரும். எம்3யு8 என்பது அந்தத் துண்டுகளின் பட்டியல். பட்டியல் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் ஆப்பில் வரும் நிலையங்கள் இந்த வகை.

எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள், அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

கண்டுபிடிப்பதற்கு எளிய வழி, நேயர்களே தொகுத்து வைத்திருக்கும் 'ரேடியோ பிரவுசர்' என்னும் திறந்த பட்டியல். தமிழ் என்று தேடினால் முகவரியோடு நிலையங்கள் வரும். செத்த லிங்க்குகளும் கலந்துதான் இருக்கும். அங்கே இல்லையென்றால், கம்ப்யூட்டர் பிரவுசரில் நிலையத்தின் பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து வைத்துவிட்டுப் பிளே அழுத்தினால், புதிதாக ஓடிவரும் வரிகளில் எம்3யு8 அல்லது எம்பி3 என்று ஒன்று தென்படும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து முகவரியை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே இரண்டு பள்ளங்கள். ஒன்று, எம்3யு அல்லது பிஎல்எஸ் என்று முடியும் சின்ன ஃபைல் டவுன்லோட் ஆகும். அது ஒலியல்ல, முகவரி எழுதிய சீட்டு. நோட்பேடில் திறந்தால் உள்ளே உண்மையான முகவரி இருக்கும். மற்றொன்று, முகவரியின் வாலில் நீளமாக எழுத்தும் எண்ணும் தொங்கினால், அது பெரும்பாலும் சில மணி நேரத்துக்கு மட்டும் செல்லும் அனுமதிச் சீட்டு. இன்றிரவு வேலை செய்யும், நாளைக் காலையில் செய்யாது. அப்படிப்பட்ட நிலையத்தைத் தானியங்கிப் பதிவுக்கு நம்பாதீர்கள்.

கிடைத்த முகவரியை விஎல்சி என்னும் பிளேயரில் கண்ட்ரோல்-என் அழுத்தி ஒட்டிக் கேட்டுப் பாருங்கள். ஓடும்போது கண்ட்ரோல்-ஜே அழுத்தினால் கோடெக் (ஒலியைச் சுருக்கிய முறை) விவரம் வரும். எம்பி3யா ஏஏசியா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. எந்த வடிவத்தில் சேமிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது

முழுவதும் பதிந்த பிறகு கேட்பவருக்கு எந்த வடிவமானாலும் கவலையில்லை. பாதியில் கேட்க விரும்பும் நமக்கு உண்டு.

எம்பி4, எம்4ஏ ஃபைல்களில் எந்த ஒலி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். பதிவு முறையாக முடிந்தால்தான் அந்த அட்டவணை வரும். அதுவரை எந்தப் பிளேயரும் அதைத் திறக்காது. நடுவில் கரண்ட் போனால் இன்னும் மோசம்: இரண்டு மணி நேர ஒலியும் டிஸ்க்கில் இருக்கும், அட்டவணை இல்லாததால் சாதாரண வழியில் திறக்க முடியாது.

எம்பி3, ஏடிடிஎஸ் வகை ஏஏசி, டிஎஸ் ஆகியவை அப்படியல்ல. ஒவ்வொரு சிறு துண்டும் தன் விவரத்தைத் தன் தலையிலேயே சுமந்து வரும். எழுதிக்கொண்டிருக்கும்போதே எந்த இடத்திலிருந்தும் படிக்கலாம். கரண்ட் போனால் போன வரைக்கும் மிச்சம். அதனால்:

வருவது எம்பி3 என்றால் எம்பி3யாகவே சேமியுங்கள். நேராக வருவது ஏஏசி என்றால் ஏஏசியாகவே. எம்3யு8 என்றால் டிஎஸ் என்னும் உறைக்குள். எம்பி4, எம்4ஏ பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

வேவ் ஃபைலும் வேண்டாம். இடத்தைத் தின்னும், அதன் தலைப்பிலும் மொத்த அளவை எழுதும் கட்டம் உண்டு, தவிர வந்ததே சுருக்கிய ஒலி. விரித்து வைப்பதால் தரம் கூடிவிடாது.

5. விஎல்சியில் பதியும் முறை

விஎல்சி இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நான் சொல்வது விண்டோஸ் பதிப்பை வைத்து.

'மீடியா' மெனுவில் 'கன்வெர்ட்/சேவ்'. அதில் 'நெட்வொர்க்' தாவலில் முகவரியை ஒட்டுங்கள். கீழே உள்ள பொத்தானை அழுத்தினால் அடுத்த பெட்டி திறக்கும்.

நேராக வழியும் எம்பி3, ஏஏசி என்றால் 'டம்ப் ரா இன்புட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வருவதை வந்தபடியே எழுதும், கம்ப்யூட்டருக்கும் சுமையில்லை. எம்3யு8க்கு இது சரிவராது. அதற்குப் புதிய புரொஃபைல் (எந்த வடிவத்தில் சேமிப்பது என்னும் அமைப்பு) ஒன்றை நீங்களே உருவாக்க வேண்டும்: உறையாக எம்பெக்-டிஎஸ், ஆடியோ தாவலில் 'கீப் ஒரிஜினல் ஆடியோ டிராக்'. ஒரு தடவை செய்து பெயர் வைத்துவிட்டால் பிறகு பட்டியலிலேயே இருக்கும். இதெல்லாம் சலிப்பாக இருந்தால் பட்டியலில் உள்ள 'ஆடியோ - எம்பி3' புரொஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி சுருக்குவதால் தரம் சற்றுக் குறையும். பேச்சு நிகழ்ச்சியில் அது காதுக்குத் தெரியாது.

எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் முதலில் நிற்பது வீடியோவுக்கான எம்பி4 புரொஃபைல். போன படியில் எதை வேண்டாம் என்றேனோ அதேதான். பலர் விழுவது இங்கேதான்.

சேமிக்கும் ஃபைலுக்குப் பெயரை வால் எழுத்தோடு (.mp3, .aac, .ts) சேர்த்து நீங்களே அடியுங்கள். தேதியும் தொடங்கும் நேரமும் பெயரில் இருக்கட்டும். நடுவில் நின்றுபோய் மறுபடி தொடங்கும்போது அதே பெயரைக் கொடுத்தால் பழையதை அழித்துவிட்டு எழுதும். 'டிஸ்ப்ளே தி அவுட்புட்' என்பதில் டிக் வைக்காதீர்கள். வைக்காவிட்டால் சத்தம் வராது, நேரம் மட்டும் ஓடும். அதுதான் வேண்டும்.

ஃபோல்டரும் முக்கியம். கிளவுடோடு இணைந்த ஃபோல்டரில் வளரும் ஃபைலை வைத்தால் ஓயாமல் மேலே ஏற்றப் பார்க்கும். டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் பல லேப்டாப்களில் அப்படி இணைந்துதான் இருக்கும். தனி ஃபோல்டர் ஒன்றை வேறு டிரைவில் போடுங்கள்.

பதிவு நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? விண்டோஸ் ஃபோல்டரில் அளவு 0 கேபி என்றே காட்டிக்கொண்டிருக்கலாம். பதறி நிறுத்திவிடாதீர்கள். ஃபைல் மூடப்படும்வரை அந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படாமல் இருப்பது வழக்கம். ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்டீஸ்' பாருங்கள், உண்மை அளவு தெரியும். 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) ஸ்ட்ரீம் என்றால் பத்து நிமிடத்துக்கு 4.8 எம்பி, 128 என்றால் 9.6 எம்பி வந்திருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்தும் சில கேபியே இருந்தால், பதிவானது ஒலியல்ல. நோட்பேடில் திறந்து பாருங்கள். முகவரிச் சீட்டோ, வைஃபை லாகின் பக்கமோ உள்ளே உட்கார்ந்திருக்கும்.

6. பின்தங்கிக் கேட்பது

பதிவாகிக்கொண்டிருக்கும் ஃபைலை டபுள் கிளிக் செய்யாதீர்கள். இதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்க வேண்டும். விண்டோஸில் விஎல்சி, ஃபோல்டரிலிருந்து திறக்கும் ஃபைலை ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலுக்கே அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஜன்னலில்தான் உங்கள் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். டபுள் கிளிக் செய்த நொடியில் பதிவு நின்றுவிடும். 'பிரிஃபரன்ஸஸ்' போய், 'யூஸ் ஒன்லி ஒன் இன்ஸ்டன்ஸ் வென் ஸ்டார்ட்டட் ஃப்ரம் ஃபைல் மேனேஜர்' என்பதிலுள்ள டிக்கை எடுங்கள். எனக்கு அதைவிடப் பிடித்த வழி, கேட்பதற்கு எம்பிவி என்ற வேறு பிளேயரை வைத்துக்கொள்வது. பதிவுக்கு விஎல்சி, காதுக்கு எம்பிவி. குழப்பமே வராது.

வளரும் ஃபைலைத் திறக்கும்போது, பிளேயர் சிலசமயம் அந்த நொடியில் இருந்த நீளத்தையே முழு நீளமாக எடுத்துக்கொள்ளும். ஏழே முக்காலுக்குத் திறந்தால் 45 நிமிடம் என்று காட்டும். அதைத் தாண்டியும் ஓடினால் விட்டுவிடுங்கள். நின்றுவிட்டால் நின்ற நேரத்தைப் பார்த்துக்கொண்டு, மூடி மறுபடி திறந்து, விஎல்சி என்றால் கண்ட்ரோல்-டி (T) அழுத்தி அந்த நேரத்துக்குத் தாவுங்கள்.

பதிவுக்கும் உங்களுக்கும் இடையே பத்து நிமிடமாவது இடைவெளி இருக்கட்டும். எழுதிய நுனியைத் தொட்டுவிட்டால் பிளேயர் நிகழ்ச்சி முடிந்ததாக நினைத்து நிறுத்திவிடும். வேகம் கூட்டிக் கேட்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: அரை மணி இடைவெளியோடு தொடங்கி ஒன்றேகால் வேகத்தில் கேட்டால் இரண்டு மணி நேரத்தில் நுனியைப் பிடித்துவிடுவீர்கள். ஒன்றரை வேகத்தில் ஒரே மணி நேரத்தில். செய்திக்குப் பரவாயில்லை. கச்சேரியை வேகம் கூட்டிக் கேட்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

7. லேப்டாப் வீட்டில், நீங்கள் மெட்ரோவில்

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு ஆறாவது படியோடு விஷயம் முடிந்தது. வெளியே போகிறவர்களுக்கு இன்னொரு ஏற்பாடு வேண்டும், ஏனென்றால் வளரும் ஃபைல் வீட்டில் இருக்கிறது.

இதற்கு நல்ல வழி, ஒரே நீள ஃபைலாகப் பதியாமல் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பதிவது. விஎல்சியை விட்டுவிட்டு எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவசக் கருவிக்குப் போக வேண்டும். பொத்தான் கிடையாது, கட்டளை எழுத வேண்டும். கட்டளையில் இருக்க வேண்டியவை நான்கு: ஸ்ட்ரீம் முகவரி, ஒலியை மறுபடி சுருக்காமல் அப்படியே எடுக்கச் சொல்லும் 'காப்பி', 600 நொடிக்கு ஒருமுறை புதுத் துண்டு தொடங்கச் சொல்லும் 'செக்மெண்ட்', இணைப்பு அறுந்தால் மறுபடி பிடிக்கச் சொல்லும் 'ரீகனெக்ட்'. கடைசியதை விட்டுவிட்டால் ஒரு சின்னத் தடுக்கலில் பதிவே முடிந்துபோகும். தெருவுக்கொரு சாஃப்ட்வேர்காரர் இருக்கும் ஊர் இது. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் இந்த நான்கையும் சொன்னால் ஒரு காபிக்குள் எழுதித் தந்துவிடுவார்.

முடிந்த துண்டு ஒவ்வொன்றும் முழு ஃபைல், அதனால் எந்தப் பிளேயரிலும் தகராறு இல்லை. இந்த ஃபோல்டரை மட்டும் கூகுள் டிரைவோடு இணைக்கலாம். வளரும் துண்டு ஒன்றுதான், அதுவும் பத்து நிமிடத்தில் மூடிவிடும். இலவச இடம் 15 ஜிபி, ஜிமெயிலோடும் போட்டோக்களோடும் சேர்த்து. 64 கேபிபிஎஸ் ஒலிக்கு அது ஏராளம்.

கிளம்புமுன் அதுவரை முடிந்த துண்டுகளைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். மீதியை சிக்னல் நன்றாக இருக்கும் ஸ்டேஷனில் இறக்கலாம். பர்ப்பிள் லைன் மெஜஸ்டிக் பக்கம் பூமிக்குள் இறங்கும்போது நேரலை கேட்பவர்களுக்கு ஒலி திக்கும். துண்டு கையில் இருப்பவருக்கு அந்தக் கவலையில்லை.

வீட்டுக்குள்ளேயே போனில் கேட்க இவ்வளவு வேண்டாம். பதிவு ஃபோல்டரை விண்டோஸில் ஷேர் செய்துவிட்டு, ஆண்ட்ராய்டு விஎல்சியில் 'லோக்கல் நெட்வொர்க்' வழியாகத் திறந்தால் போதும்.

8. தானாகத் தொடங்க வைப்பது, நேரக் கணக்கு

போன படியில் எழுதிய கட்டளையைக் குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்க விண்டோஸில் 'டாஸ்க் ஷெட்யூலர்', லினக்ஸில் 'கிரான்'. லினக்ஸ்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸில் டாஸ்க் உருவாக்கியபின் 'கண்டிஷன்ஸ்' தாவலைக் கட்டாயம் திறந்து பாருங்கள். சார்ஜர் செருகியிருந்தால் மட்டுமே தொடங்கு என்று ஒரு டிக் முதலிலேயே இருக்கும். அதை எடுக்க வேண்டும். தூங்கும் கம்ப்யூட்டரை எழுப்பு என்னும் டிக் இல்லாமல் இருக்கும். அதைப் போட வேண்டும். லேப்டாப் மூடியை மூடினால் தூங்கிவிடும் அமைப்பையும் 'பவர்' பகுதியில் மாற்றுங்கள்.

நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் முன்பே தொடங்கி, முடிந்து அரை மணி கழித்து நிறுத்துங்கள். நேரடி ஒலிபரப்பு எதுவும் சொன்ன நேரத்துக்கு முடிந்ததில்லை. திருவையாறு ஆராதனையை எடுத்துக்கொள்ளுங்கள். புஷ்ய பகுள பஞ்சமி அன்று, பெரும்பாலும் ஜனவரியில் வரும், காலை 9 மணியை ஒட்டிப் பஞ்சரத்னக் கீர்த்தனைகளை வித்வான்கள் கூடிப் பாடுவார்கள்; வானொலியில் நேரடியாக வரும். பெங்களூரில் ஒன்பது மணி என்றால் ஆபீஸ் போகிற நேரம். 8:40க்குப் பதிவைத் தொடங்கி 11 மணிவரை ஓடவிட்டால், பத்தரைக்கு மீட்டிங் முடித்து வந்து முதல் கீர்த்தனையான நாட்டையிலிருந்து கேட்கலாம். நேரலைக்குப் போனால் அப்போது கடைசியான ஸ்ரீ ராகமும் முடிந்திருக்கும். இதுபோன்ற, வருடத்துக்கு ஒரு முறை வரும் நிகழ்ச்சிக்கு முதல் நாளே அதே நேரத்தில் ஒரு ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டுத் தமிழ் நிலையங்களுக்கு இந்த முறை இன்னும் கைகொடுக்கும். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். சிங்கப்பூரின் 'ஒலி 96.8' நிலையத்தில் காலை எட்டு மணி என்றால் இங்கே ஐந்தரை. இலங்கை நிலையங்களுக்கு நம் நேரமேதான். லண்டன், டொராண்டோ நிலையங்களைப் பதிகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு தடவை ஷெட்யூலை மாற்ற வேண்டும். அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளுவார்கள், நாம் தள்ளுவதில்லை. லண்டனில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு; டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும்.

9. பிஜி வைஃபை, கரண்ட், சொந்தக் கனெக்‌ஷன்

பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பல பிஜிக்களில் வைஃபைக்கு பிரவுசரில் பெயரும் பாஸ்வேர்டும் அடித்து நுழைய வேண்டும், சில மணி நேரத்தில் தானாக வெளியேற்றிவிடும். இரவு லாகின் செய்துவிட்டுத் தூங்கினால் காலை ஏழு மணிப் பதிவு கிடைக்காது. அங்கே போன் ஹாட்ஸ்பாட்தான் கதி. 128 கேபிபிஎஸ் ஸ்ட்ரீம் மணிக்கு 57.6 எம்பி, 64 என்றால் அதில் பாதி. தினமும் ஒன்றரை ஜிபி தரும் பிளானில் இரண்டு மணி நேரப் பதிவு பெரிய செலவே அல்ல.

சொந்தமாக பிராட்பேண்ட் போடுபவர்கள் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் தயாராக வைத்திருங்கள். ஆதாரில் ஊர் முகவரி இருந்தால், இங்குள்ள வாடகை ஒப்பந்தத்தைக் கேட்பார்கள். ஓனர் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் இருக்கிறதா என்று பார்த்து, ஸ்கேன் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் இழுக்க ஓனரிடம் முன்பே சொல்லிவிடுவதும் நல்லது. ஆள் ஏணியோடு வந்து நின்ற பிறகு மறுத்தால் இன்னொரு நாள் லீவு போட வேண்டும். விளம்பர விலையின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 399 என்று போட்டிருந்தால் பில் 471 ரூபாய். ஆறு மாதம் மொத்தமாகக் கட்டினால் பல இடங்களில் இன்ஸ்டலேஷன் கட்டணத்தை விட்டுக்கொடுப்பார்கள், கேட்டுப் பாருங்கள். ஒலிக்காக வேகமான பிளான் எதுவும் வாங்க வேண்டாம். இருப்பதிலேயே சின்னது போதும்.

கரண்ட் போனால் லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு, ரவுட்டருக்குக் கிடையாது. மழைக்காலத்தில் இதுதான் அடிக்கடி காலை வாரும். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும். வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

20 வாட் எடுக்கும் பழைய லேப்டாப்பை நாள் முழுக்க ஓடவிட்டால் மாதம் 14 யூனிட்டுக்குச் சற்று மேல். ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகை 3 வாட்டில் ஓடினால் இரண்டு யூனிட்தான். ஓனர் தனி மீட்டர் வைத்து அவர் போட்ட விலைக்குக் கணக்குப் பார்க்கும் வீடுகளில் இந்த வித்தியாசம் தெரியும். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் பதிகிறவர்கள் இருக்கிற லேப்டாப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

10. போன் மட்டுமே இருந்தால்

ஆண்ட்ராய்டில் ரேடியோட்ராய்ட் என்னும் திறந்த மூல ஆப் ஓடும் ஸ்ட்ரீமைப் பதியும். மேலே சொன்ன ரேடியோ பிரவுசர் பட்டியலையே அது பயன்படுத்துகிறது. ஆனால் இப்படிப்பட்ட பல ஆப்களில் பதிவு, ஒலிப்போடு கட்டப்பட்டிருக்கும். அழைப்பு வந்து ஒலி நின்றால் பதிவும் நிற்கும். பேட்டரி அமைப்பில் அந்த ஆப்புக்கு 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' கொடுக்காவிட்டால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் போனே அதைக் கொன்றுவிடும். பழைய போன் ஒன்று சும்மா கிடந்தால், சிம்மை எடுத்துவிட்டு சார்ஜரில் போட்டு, பதிவுக்கென்றே வைத்துவிடலாம். அழைப்புத் தொல்லை ஒழியும்.

11. சட்டம்

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, ஒலிபரப்பைத் தன் சொந்த உபயோகத்துக்காக ஒருவர் பதிந்துகொள்வது ஒலிபரப்பாளரின் உரிமையை மீறியதாகாது. நல்லெண்ணத்தோடு கற்பிப்பதற்கும் ஆராய்ச்சிக்கும் பதிவதற்கும் அதே விலக்கு உண்டு. வாட்ஸ்அப் குழுவில் பரப்புவதும், யூடியூபில் ஏற்றுவதும் சொந்த உபயோகத்தில் சேராது. கச்சேரிப் பதிவு கையில் இருந்தால் மாமாக்கள் கேட்பார்கள். எப்படிப் பதிவது என்று இந்த வழியைச் சொல்லிக்கொடுங்கள், ஃபைலைக் கொடுக்காதீர்கள்.

கட்டண ஆப்களின் பூட்டை உடைத்துப் பதிவது வேறு கதை. 65ஏ பிரிவு அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் சொல்கிறது. பூட்டில்லாத ஸ்ட்ரீம்களுக்கும் நிலையத்தின் விதிமுறைப் பக்கத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள்; பதியக் கூடாது என்று தனியாக எழுதி வைத்திருப்பவர்களும் உண்டு.